எரியோட்டில் ஒரு தகரப் பெட்டி

திண்டுக்கல் என்றால் பூட்டு, புகையிலை, மலைக்கோட்டை, இப்போது பிரியாணி என்று எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். எரியோடு என்றால்? "அது எங்கே இருக்கிறது?" என்றுதான் என் சிநேகிதிகள் கேட்டார்கள். திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர் தாலுகாவில் உள்ள சின்ன ஊர். கரூர் போகும் ரயில் பாதையில் அதற்கென்று ஒரு ஸ்டேஷன்கூட உண்டு. போதாததற்கு, என் நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊர்!

நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் காத்திருந்த நேரத்தில், நாத்தனார் பிள்ளைக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிப் போகலாமே என்று எனக்கு ஆசை. பையனுக்கு வயது பன்னிரண்டு. முன்பெல்லாம் பத்திரிகைக் கடைகளில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் மொபைல் சார்ஜர் தொங்குகிறது.

"காமிக்ஸா? அதெல்லாம் இங்கே வர்றதில்லைம்மா. சந்தா கட்டினா சிவகாசியிலேருந்து வீட்டுக்கே வரும்" என்றார் கடைக்காரர். முறுக்குப் பொட்டலத்துடன் பஸ் ஏறினேன்.

ஊரைத் தாண்டியதும் கோட்டைப் பாறை பின்னால் நழுவியது. வானம் பார்த்த பூமி. வேலி ஓரத்தில் ஆடுகள், நடுநடுவே முருங்கைத் தோப்பு, திடீரென்று ஒரு நூற்பாலைச் சுவர். வெயிலைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. இறங்கும்போது முறுக்குகூட வியர்த்திருந்தது!

வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"நல்ல வேளை வந்தீங்க மதினி! நீங்களே கேளுங்க. இந்த வருஷச் சந்தாவுக்கு இவர் கட்டப்போற பணத்தில் ஒரு மாசப் பால் கணக்கைத் தீர்த்துப் போட்டுடலாம். எல்லாம் பொம்மைக் கதைக்கு!"

அவள் புருஷன் எனக்குத் தம்பி முறை. மில்லில் சூபர்வைஸர் உத்தியோகம். ஐம்பது வயதைத் தாண்டியவர். பதில் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய தகரப் பெட்டியை இழுத்து வந்து என் முன்னால் திறந்தார். ரசகற்பூர உருண்டை வாசனையும் பழைய காகித வாசனையும் சேர்ந்து வந்தன.

மேலே இருந்தது அவருடைய அண்ணன் வாங்கிய 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது 1972ல், இந்தக் கதையோடுதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதர் சீமையிலிருந்து வந்தவர் என்று சொன்னால் எரியோட்டில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்! அதன் கீழே 1984ல் பிறந்த இரண்டு பேர்: லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ். ராணியின் முதல் இதழ் விலை ஒன்றரை ரூபாய்.

"மூணு பேர் ஆளுக்கு அம்பது பைசா போடுவோம் அக்கா. ஒருத்தன் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான். அப்புறம் முடிவெட்டுற கடைக்குப் போகும். அங்கேருந்து திரும்பி வந்தா அதிர்ஷ்டம்."

அட்டையைப் புரட்டினேன். உள்பக்கத்தில் பென்சிலாலும் பேனாவாலும் பெயர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. எண்ணினேன்: பதினேழு!

பிறகு பீரோவைத் திறந்து காட்டினார். அடேயப்பா! கனத்த வழவழப்புக் காகிதம், முழு வண்ணம். 'ரத்தப் படலம்' என்ற பிரெஞ்சு மொழிக் கதையின் பதினெட்டு பாகங்களும் 2010ல் கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாக வந்தபோது விலை 200 ரூபாய். 2012ல் லயன் புத்துயிர் பெற்று வந்த சிறப்பிதழ் 100 ரூபாய். அதற்குப் பின் வந்தவற்றில் பெரிய தொகுப்புகள் சில ஆயிரத்தையும் எட்டிவிட்டன. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், பட்டுப்புடவை மாதிரி.

"இப்படி விலை ஏத்தினதாலேதான் பிள்ளைங்க படிக்கிறதை விட்டுட்டாங்க" என்றாள் நாத்தனார்.

"பிள்ளைங்க விட்டதாலேதான் விலை ஏறிச்சு" என்றார் அவர்.

நான் யார் பக்கம் பேசுவது? யோசித்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆயிரம் பேருக்குச் சமைத்தாலும் பத்துப் பேருக்குச் சமைத்தாலும் அடுப்பு மூட்டும் செலவு ஒன்றுதானே! வெளிநாட்டுக் கதைக்கு உரிமைப் பணம், மொழிபெயர்ப்பு, அச்சுக்குத் தயாரிப்பு எல்லாம் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவர்கள் குறைந்தால், ஆளுக்கு விழும் பங்கு கூடத்தான் செய்யும். மலிவாகக் கொடுத்தால் பிழைத்துவிடலாம் என்பதும் நிச்சயமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையும் வாங்கும்படி வந்த ராணி காமிக்ஸ் 2005ல் நின்றுபோயிற்று. பம்பாயிலிருந்து 1964 முதல் வந்த இந்திரஜாலும் 1990ல் மறைந்தது. அமெரிக்காவில் சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய இதழ் 1938ல் பத்து சென்ட். 1961 வரை அந்த விலையைக் கட்டிக் காத்தார்கள். எப்படி என்றால், பக்கத்தைப் பாதியாகக் குறைத்து! சோப்புக் கட்டி வருஷா வருஷம் இளைக்கும் ரகசியம் நமக்குத் தெரியாததா?

ஆனால் தம்பி ஒன்றை மறந்துவிட்டார். விலை ஏறியதால் அவர் மாதிரி ஐம்பது வயதுக் குழந்தைகள் ஓடிப்போகவில்லை. வயிற்றைக் கட்டியாவது வாங்குகிறார்கள். ஓடிப்போனது வேறு ஆள். ஆளுக்கு ஐம்பது பைசா போட்ட அந்த மூன்று பையன்களில் ஒருவனாக இன்று யார் இருக்க முடியும்? பையன் கைச் செலவுக்காசில் வாங்க முடியாத புத்தகம், அப்பா தயவில்தான் வீட்டுக்கு வரவேண்டும். வந்தாலும்?

"உன் பிள்ளை இதையெல்லாம் படித்தானா?" என்று கேட்டேன்.

தம்பி சங்கடத்துடன் சிரித்தார். "பைண்டிங் விட்டுடும் அக்கா. எண்ணெய்க் கையோட தொடுவான்…"

"சாவி இவர் இடுப்பில் மதினி!" என்றாள் நாத்தனார்.

எனக்குப் பாவமாக இருந்தது. யாரைப் பார்த்து என்றுதான் சொல்லத் தெரியவில்லை. பதினேழு பெயர் எழுதிய புத்தகம் தகரப் பெட்டியில் கிழிந்து கிடக்கிறது. பீரோவில் இருக்கும் எதிலும் ஒரு பெயர்கூட இல்லை.

மாலையில் காப்பி குடித்துவிட்டுத் திண்ணைக்கு வந்தேன். பையன் எங்கே என்று பார்த்தால், முறுக்கைக் கடித்துக்கொண்டு 'இரும்புக்கை மாயாவி'யைப் படித்துக்கொண்டிருக்கிறான். மொபைல் தரையில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இருவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"அத்தை, நடுவில் நாலு பக்கத்தைக் காணோமே! அந்தக் கப்பல் என்ன ஆச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? "அப்பாவைக் கேள்" என்றேன்.

தம்பி வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கப்பல் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். பீரோக் கதவு கிரீச்சிட்டது. பிளாஸ்டிக் உறை கிழியும் சத்தமும் கேட்டது.

"டேய்! மூணு பேரும் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்கடா!"

குழாயடியில் ஒரே தள்ளுமுள்ளு. நாத்தனார் என்னைப் பார்த்து, "அப்ப சந்தாப் பணம்?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.