எண்பதில் வரும் நடுக்கம்

எண்பது என்பது பொல்லாத எண். மனிதனுக்கும் அப்படித்தான், மோட்டார் வண்டிக்கும் அப்படித்தான். நமது வீட்டில் இந்த இரண்டு எண்பதுகளும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்து, எந்த நடுக்கம் எதனுடையது என்று தெரியாமல் நாம் இரண்டு மாத காலம் திண்டாடிய கதையை நேயர்களிடம் சொல்லிக்கொள்ள உத்தேசம்.

2023-ஆம் வருஷ ஆரம்பத்தில் நமது தகப்பனாருக்கு 80 வயது பூர்த்தியாயிற்று. அவருடைய தமக்கை, அதாவது நமது அத்தை, ஸ்ரீரங்கத்தில் 86 வயதில் படுத்த படுக்கையாக இருந்தாள். மாதம் ஒரு தடவை சென்னையிலிருந்து தகப்பனாரை அழைத்துக்கொண்டு போய் அவளைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். ரயிலில் போகக்கூடாதா என்று கேட்கலாம். பிளாட்பாரத்துப் படிகளை ஏற அவருடைய முழங்கால் சம்மதிப்பதில்லை. ஆகவே, பழைய வண்டியாக நாம் வாங்கியிருந்த சிறிய கார்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே இருந்த ஒரே பாலம்.

அந்த மாசி மாதப் பிரயாணத்தில் மதுராந்தகம் ஏரியைத் தாண்டியதும் பின் ஆசனத்திலிருந்து தகப்பனார், "ஏண்டா, என் துடை இரண்டும் நடுங்குகிறதே!" என்றார்.

"குளிர் காற்று அதிகமாக இருக்கும், அப்பா" என்று சொல்லி, ஏ.ஸி.யைக் குறைத்தோம். நமது கையில் ஸ்டியரிங் சக்கரம் கோயில் பசுவைப்போல் சாதுவாக இருந்தது. வண்டியில் குற்றம் இருக்கும் என்று நினைக்க நியாயமே இல்லை. திண்டிவனத்தில் காப்பி சாப்பிட இறங்கியபோது நடுக்கம் போய்விட்டது என்றார். மறுபடி புறப்பட்டதும் மறுபடி வந்தது. முதுமை என்று நாம் மனத்திற்குள் தீர்மானம் செய்துகொண்டோம்.

சென்னைக்குத் திரும்பியதும் அவரை ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், முழங்காலைச் சுத்தியலால் தட்டினார், இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "எண்பதில் இதெல்லாம் சகஜம்" என்று சொல்லிவிட்டார். எந்த எண்பது என்று அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. தகப்பனார் மட்டும் வீடு திரும்பும்வரை பேசவேயில்லை. இரண்டு நாள் கழித்து, "இனிமேல் நான் ஸ்ரீரங்கத்திற்கு வரவில்லை. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். அத்தையோ டெலிபோனில், "தம்பிக்கு என் மேல் என்ன கோபம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உண்மை வேறு விதமாக வெளிவந்தது. ஒரு நாள் செங்கல்பட்டுக்குப் போகவேண்டி வந்தபோது நமது மனைவி குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தாள். "தண்ணீர்ப் புட்டி தானாக ஆடுகிறது, பாருங்கள்! மாமாவைப் போய் வியாதிக்காரர் ஆக்கிவிட்டீர்களே!" என்று சத்தம் போட்டாள். முள்ளைப் பார்த்தோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் நின்றது.

அப்புறம் ஆரம்பித்தது வண்டிக்கு வைத்தியம். முதல் தொழிற்சாலையில் வீல் அலைன்மென்ட் செய்தார்கள். சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா என்று திருத்தும் காரியம் அது. வண்டி ஒரு பக்கமாக இழுப்பதற்கும், டயர் கோணலாகத் தேய்வதற்கும் அது மருந்து, நடுக்கத்திற்கு அல்ல. இதை நாம் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம். பணம் கொடுத்தபோது தெரியாது. இரண்டாவது இடத்தில் முன் சக்கரங்கள் இரண்டை மட்டும் பாலன்ஸ் செய்தார்கள். மூன்றாவது இடத்தில் நான்கையும் கழற்றி யந்திரத்தில் சுழற்றி, ரிம்மின் ஓரத்தில் எடைத் துண்டுகளைத் தட்டிப் பொருத்தி, "பூஜ்யம் காட்டுகிறது, பாருங்கள்" என்றார்கள். பார்த்தோம், பூஜ்யம்தான். எண்பதில் வண்டி நடுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஷாக் அப்ஸார்பர் நான்கையும் மாற்றிவிட வேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகையைக் கேட்டு நமக்கே நடுக்கம் வந்துவிட்டது.

நாற்பதில் இல்லாத நடுக்கம் எண்பதில் ஏன் வருகிறது? ரிம்மின் ஓரத்தில் ஓரிடத்தில் 30 கிராம் எடை அதிகமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் சுழலும்போது அந்த எடை வெளியே பறந்து போகப் பார்த்துச் சக்கரத்தை இழுக்கிறது. நமது வண்டியைப் போன்ற சிறிய வண்டியில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழுப்பு ஏறக்குறைய முக்கால் கிலோ பாரத்திற்குச் சமானம். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகிறது. எண்பதில் மூன்று கிலோவுக்கு மேல்! அந்த வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 12 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குத்து. ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்துத் தள்ளினால் சிறு குழந்தை கூடப் பெரியவரை உயரே ஆட்டிவிடும் அல்லவா? சக்கரத்திற்கும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்குகளுக்கும் இயல்பாகவே ஒரு தாளம் உண்டு. அது வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து வரையில் இருக்கும். குத்தும் தாளமும் ஒத்துப்போகும் வேகத்தில் வண்டி ஆடுகிறது. அதைத் தாண்டினால் சற்று அடங்கியும் விடுகிறது. அடங்கிவிட்டது என்று சிலர் இன்னும் வேகமாக ஓட்டுவார்கள். அவர்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே நலம்.

பங்குனியில் அத்தைக்கு உடம்பு அதிகமாகிவிட்டதென்று செய்தி வந்தது. தகப்பனார் தாமே சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நடுங்கும் வேகத்திற்குப் போவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டு, அறுபதிலேயே ஊர்ந்து போனோம். லாரிகள் எல்லாம் நம்மைப் பரிகசித்துக்கொண்டு முன்னால் சென்றன. திண்டிவனத்தை அடுத்து, சாலையோரத்து டயர் கடை ஒன்றில் காற்றுப் பிடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் நடுத்தர வயதுக்காரர். பேச்சுவாக்கில் நமது கஷ்டத்தைச் சொன்னோம்.

"ஆட்டம் யாருக்கு ஸார் தெரியுது? கையிலா, ஆசனத்திலா?" என்றார்.

நாம் விவரமாக ஆரம்பித்தோம். அவர் கேட்டுக்கொண்டே நம்மைத் தாண்டிப் பின் ஜன்னலுக்குப் போய்விட்டார். "ஐயா, நீங்க சொல்லுங்க."

இரண்டு மாதமாக ஒருவரும் தகப்பனாரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். வாய்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னார்: எண்பதில் ஆரம்பிக்கிறது, தொண்ணூற்றைந்தில் கொஞ்சம் அடங்குகிறது, பிரேக் போட்டால் அதிகமாவதில்லை, சுங்கச் சாவடிக்கு முன் பையன் கியரை நியூட்ரலில் தள்ளி உருட்டும்போதும் நிற்பதில்லை, வலப் பக்கம் உட்கார்ந்தால் குறைவு, இடப் பக்கம் உட்கார்ந்தால் அதிகம். ஆசனங்களின் இடுக்கு வழியாக முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்! நியூட்ரலில் உருட்டும் நமது கெட்ட வழக்கமும் இதில் அம்பலமாயிற்று.

கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கையில் ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ஆசனமும் தரையும் ஆடினால் பின் சக்கரத்தை. பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்கில் குற்றம். இழுவையில் மட்டும் ஆடினால் முன் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸிலில். நியூட்ரலிலும் ஆடுவதால் எஞ்சின் குற்றமற்றது. இவ்வளவையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இடது பின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஒரு சாக்கட்டியை எடுத்து, டயரின் மேற்புறத்தில் படுவதும் படாததுமாக அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சக்கரத்தைச் சுழற்றினார். வட்டம் சரியாக இருந்தால் கோடு முழுச் சுற்றுக்கும் விழ வேண்டும், அல்லது விழவே கூடாது. ஒரு ஜாண் நீளத்திற்கு மட்டும் விழுந்தது. அந்த இடத்தில் கையை வைத்து, தகப்பனாருடைய விரலையும் பிடித்து வைத்தார். உட்புறத்து ஓரத்தில் டயர் புடைத்திருந்தது.

யந்திரம் பூஜ்யம் காட்டியது பொய்யல்ல. சதுரப் பலகையின் நடுவில் அச்சு வைத்தால் நாலு பக்கமும் எடை ஒத்துத்தான் இருக்கும். அதற்காக அது சக்கரமாகிவிடுமா? ஆகாசத்தில் சுழலும் டயரின் எடையைத்தான் அந்த யந்திரம் பார்த்தது. தரையில் படும் உருவத்தைப் பார்க்கவில்லை. உருளையால் அழுத்திப் பார்க்கும் யந்திரங்களும் உண்டு. நாம் போன இடத்தில் அது இல்லை.

டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருந்தது: 3115. 2015-ஆம் வருஷத்தின் 31-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். மற்ற மூன்றும் 2020-ல் செய்தவை. யாரோ எப்போதோ ஸ்டெப்னியை மாட்டியவர்கள் திருப்பிக் கழற்றவில்லை. ரேடியல் டயரில் ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் ஓடுகின்றன. பழையதாகி, சூட்டில் வெந்து, பட்டை ரப்பரை விட்டுப் பிரிந்துவிட்டால் முதலில் இப்படிப் புடைக்கும். பிறகு ஓடுகிற வேகத்தில் மேல் தோல் முழுவதும் உரிந்து போகும். "இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?" என்று கேட்டோம். "பின்னாடி பெரியவரை உட்கார வெச்சுக்கிட்டு அதைக் கேக்காதீங்க ஸார்" என்றார்.

அந்த டயருக்கு மேலேதான் தகப்பனார் இரண்டு மாதமாக உட்கார்ந்து, நடுங்குகிறது, நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாம் அவருக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம்.

பின்னால் இரண்டு புது டயர்கள் போட்டுக்கொண்டு கிளம்பினோம். விழுப்புரம் தாண்டி எண்பது. உளுந்தூர்ப்பேட்டைக்கு முன் தொண்ணூறு. கண்ணாடியில் பார்த்தபோது தகப்பனார் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மாலையில் அத்தை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நடுங்குகிறது என்றார்களே, எங்கே?" என்று கேட்டாள்.

பழைய டயரைக் கடையில் விட்டுவிட்டு வரத் தகப்பனார் சம்மதிக்கவில்லை. சென்னை வரையில் அது டிக்கியிலேயே வந்தது. இப்பொழுது மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த தடவை வைத்தியரிடம் போகும்போது எடுத்துக்கொண்டு போகவேண்டுமாம்.