பாட்டு அல்ல, பட்டா

செய்தியானாலும் கதையானாலும் எதைப் படித்தாலும் மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசிப்பது மொழிபெயர்ப்புத் தொழில் எனக்குத் தந்த வியாதி. கேரளத்தின் தட்டேக்காடு சரணாலயத்தில் ஒரு விடியற்காலையில் பறவைக் குரலைக் கேட்டபோதும் அது விடவில்லை. மூங்கில் புதருக்குள்ளிருந்து குழலிசை போலத் தொடங்கிய குரல், நடுவில் வேறொரு பறவையின் கூவலைக் கடன் வாங்கிக்கொண்டு, மறுபடி தன் ராகத்துக்கே திரும்பியது. ஷாமா என்றார் வழிகாட்டி. தமிழில் சோலைபாடி.

நம் தோட்டங்களில் பாடும் குண்டு கரிச்சானுக்குக் காட்டில் வாழும் ஒன்றுவிட்ட சகோதரன் இது. ஆணுக்குப் பளபளக்கும் கருப்பு உடல், செம்பழுப்பு வயிறு, நீண்ட வால். பெண் சற்று மங்கல். எடை சுமார் 30 கிராம்தான். வெயிலுக்கு வராமல் புதர் நிழலில் பூச்சி பிடித்துத் தின்னும். மரப்பொந்தில் பெண் கூடு கட்ட, ஆண் காவல் இருக்கும். குஞ்சுகளுக்கு இருவரும் இரை ஊட்டுவார்கள்.

விடியலிலும் அந்தியிலும் அது எழுப்பும் குரலைப் 'பாட்டு' என்று மொழிபெயர்த்தவர்கள் நாம். மூலத்தில் அது பாதி பத்திரம், பாதி மணமகள் தேவை விளம்பரம். "இந்தப் புதர் என்னுடையது. இன்னொரு ஆண் உள்ளே வரக்கூடாது. துணை தேடும் பெண் வரலாம்."

இந்த மொழிபெயர்ப்புப் பிழைக்குப் பறவை கொடுத்த விலை அதிகம். 1889இல் ஜெர்மனியில் எட்டு வயதுச் சிறுவன் லுட்விக் கோக், எடிசன் கருவியின் மெழுகு உருளையில் தன் வளர்ப்புப் பறவையின் குரலைப் பதிவு செய்தான். நாமறிந்த முதல் பறவை ஒலிப்பதிவு அதுதான். பாடியது கூண்டிலிருந்த சோலைபாடி.

இந்தோனேசியாவில் இன்றும் சோலைபாடிகளுக்குப் பாட்டுப் போட்டி உண்டு. கூண்டுகளை வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். எதிராளியைக் கண்ட ஆவேசத்தில் ஒவ்வொன்றும் தொண்டை கிழியக் கத்துகிறது. நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். பிடித்து விற்றதில் சுமத்ராவின் பல காடுகளில் இந்தக் குரல் அடங்கிவிட்டது. 2018இல் அந்நாட்டு அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட பறவைகளின் பட்டியலில் சேர்த்தது. வளர்ப்போர் எதிர்த்ததும் அதே ஆண்டில் நீக்கிவிட்டது. 2022இல்தான் சர்வதேச வனவிலங்கு வர்த்தக உடன்படிக்கை இதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. வேடிக்கை என்னவென்றால், 1931இல் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விடப்பட்ட இதே இனம் அங்கே செழித்திருக்கிறது.

இந்தியாவில் உள்நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதற்கு 1990களின் தொடக்கத்திலிருந்தே தடை உண்டு. நல்ல சட்டம். ஆனால் கூண்டைத் தடுத்தால் மட்டும் போதாது. காட்டைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று அடிப்புதரையும் மூங்கிலையும் வெட்டினால், சோலைபாடிக்கு உரிமை கொண்டாட இடமே இருக்காது. நிலமில்லாதவன் கையில் பட்டா இருந்து என்ன பயன்?