சக்கரம் தந்த கால்

சென்னையிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் விரைவு வண்டியில் இரண்டு இரவும் ஒரு பகலும் அமர்ந்திருக்க வேண்டும். விஜயவாடா, நாகபுரி, போபால், கோட்டா என்று ஊர்கள் கடந்து செல்லச் செல்ல, மண்ணின் நிறமும் மக்களின் மொழியும் மாறுகின்றன. 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் என் மனைவியுடன் நான் அவ்வழியே சென்றது கோட்டைகளையும் அரண்மனைகளையும் காண்பதற்கன்று. ஒரு காலைப் பெற்று வருவதற்காகச் சென்றேன்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், பள்ளிக்கு மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்த என்மீது லாரி ஒன்று மோதிற்று. இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்லத் தெரிந்த எனக்கு, அதன்பின் வந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்ளத் தெரியவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியனாகிய நான் இருபத்தாறு ஆண்டுகள் நாள்தோறும் ஆறு கிலோமீட்டர் மிதித்துச் சென்று பாடம் நடத்தியவன். வரப்பில் நிற்பவரிடம் நலம் விசாரிப்பதும், பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டு வாசலில் இறங்கிக் காரணம் கேட்பதும் அந்த மிதிவண்டியால் இயன்றவை. விபத்துக்குப் பின்னரோ மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட வேண்டும். மாலையில் அவன் வரும்வரை பள்ளித் திண்ணையில் காத்திருக்க வேண்டும்.

முதலில் ஓரிடத்தில் விலை கொடுத்து ஒரு செயற்கைக் கால் வாங்கினோம். பூட்சுக்குள் அடங்கிய கால் அது. பூட்சின்றி அதனால் நடக்க இயலாது. நாமோ வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறவர்கள். கோவிலில் தரையில் அமர்கிறவர்கள். சேற்றிலும் வரப்பிலும் நடக்கிறவர்கள். மூன்று மாதங்களில் அந்தக் கால் பரணுக்குச் சென்றது. மிதிவண்டியையும் விற்றுவிடச் சொன்னேன். “எப்ப வேணும்னாலும் விக்கலாங்க, இப்ப இருக்கட்டும்” என்று கூறி, என் மனைவி அதைச் சாக்கால் மூடிவைத்தாள்.

ஜெய்ப்பூர், 1727 இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னர் திட்டமிட்டு எழுப்பிய நகரம். கட்டங்கட்டமாகப் பிரித்து, நூல் பிடித்தாற்போல் நேராகத் தெருக்களை அமைத்திருக்கிறார்கள். 1876 இல் இங்கிலாந்து இளவரசரை வரவேற்பதற்காக நகரச் சுவர்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். அவ்வண்ணமே நகருக்குப் பெயராகிவிட்டது. 1799 இல் கட்டப்பட்ட ஹவா மகாலையும் அதன் எண்ணற்ற பலகணிகளையும் தெருவிலிருந்தே பார்த்தோம். மனைவி மேலே பார்த்து வியந்துகொண்டிருந்தாள். என் கண்களோ கீழே சென்றுகொண்டிருந்த மிதிவண்டிகளின் மீதே இருந்தன.

இந்நகரில் பிறந்ததுதான் உலகறிந்த ‘ஜெய்ப்பூர் கால்’. 1960களின் இறுதியில், இங்குள்ள சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராயிருந்த பிரமோத் கரண் சேத்தி அவர்களும், அங்கு நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க வந்த ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து அதனை உருவாக்கினார்கள். தரையில் அமரவும், குந்தி உட்காரவும், வெறுங்காலுடன் வயலில் இறங்கவும் வேண்டிய நம் மக்களுக்கு மேல்நாட்டுக் கால் உதவாது என்பதை இருவரும் கண்டார்கள். எந்தப் பொருளால் செய்வது என்பதுதான் சிக்கல். ஒருநாள் ராம் சந்திரரின் மிதிவண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கிவிட, பழுது பார்க்கும் கடையில் நின்றாராம். அங்கே ஒருவர் லாரி டயருக்குப் புதிய ரப்பர் ஏற்றிக்கொண்டிருந்தாராம். அதைக் கண்டபோதுதான், ரப்பரைச் சூட்டில் பதப்படுத்திப் பாதம் வார்க்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது என்று சொல்கிறார்கள்.

இக்காலுக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். 1975 இல் டி. ஆர். மேத்தா என்னும் ஆட்சிப்பணி அதிகாரி, பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி, இக்காலை ஏழைகளுக்கு இலவசமாக வழங்கலானார். அவரும் ஒரு விபத்தில் காலை இழக்கும் நிலைவரை சென்று மீண்டவரே. மருத்துவர் சேத்திக்கு 1981 இல் மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டில் தமிழகத்தில் நேர்ந்த பேருந்து விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், 1984 இல் இக்காலுடன் மீண்டும் மேடையேறி ஆடியதை வாசகர்கள் அறிவார்கள். போரால் காலிழந்தோர் நிறைந்த யாழ்ப்பாணத்திலும் 1987 இல் இதற்கென ஒரு நிலையம் எழுந்தது.

நாங்கள் சென்ற அன்று அச்சமிதியின் வளாகத்தில் பல மாநிலத்தாரும் காத்திருந்தனர். யாரும் யாரையும் பார்த்துப் பரிதாபப்படாத இடம் அது. என் முறை வந்ததும், காலின் எஞ்சிய பகுதியில் மாவுக்கட்டுச் சுற்றி அச்செடுத்தார்கள். அந்த அச்சில் சுண்ணமாவை ஊற்றிக் காலின் வடிவத்தைப் பெற்றார்கள். பின்னர் பாலிஎத்திலீன் குழாய் ஒன்றை அடுப்பில் இளக்கி அவ்வடிவத்தின்மேல் இழுத்துப் பொருத்தினார்கள். குழாய் ஆறியதும் ஓரங்களை வெட்டிச் சீராக்கி, ரப்பர்ப் பாதத்தை இணைத்தார்கள். மரமும் கடற்பஞ்சு போன்ற ரப்பரும் உள்ளே பொதிந்த பாதம் அது. எப்பக்கமும் சற்றே வளைந்து கொடுக்கிறது.

கம்பிகளைப் பிடித்து நடந்து பார்த்தேன். நடக்க முடிந்தது. ஆனால் கேட்க வந்ததைக் கேட்க நா எழவில்லை. மனைவிதான் என்னை இடித்து, “கேளுங்களேன்” என்றாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், “சைக்கிள்?” என்று மட்டும் கேட்டேன். கால் பொருத்திய தொழிலாளர் சிரித்தார். தம் கால்சட்டையை முழங்கால்வரை உயர்த்தினார். அவருக்கும் அதே கால்! பின்னர்ச் சுவரோரம் நின்ற மிதிவண்டியில் ஏறி முற்றத்தை இரு முறை சுற்றி வந்தார். திரும்பி வந்து, என் முழங்காலை மடக்கிப் பார்த்து, கிண்ணத்தின் பின்பக்க விளிம்பைச் சிறிது தாழ்த்தி வெட்டினார். மிதி மேலே வரும்போது முழங்கால் தடையின்றி மடங்க வேண்டுமல்லவா?

ஊர் திரும்பி, சாக்கை நீக்கி மிதிவண்டியை வெளியே எடுத்தோம். பழைய முறையில் ஏற முடியாது என்று முதல் நாளே விளங்கிற்று. இடது காலை மிதியில் வைத்து உந்தி, வலது காலைத் தூக்கிப் போடுவதே முன்னைய வழக்கம். இப்போது இருக்கையைத் தாழ்த்தி, வண்டியின் இருபுறமும் கால் ஊன்றி நின்று, வலது காலால் உந்திப் புறப்பட வேண்டும். நிறுத்தும்போது வலப்பக்கமே சாய வேண்டும். இடது பாதத்திற்கு உணர்வில்லாததால், மிதியிலிருந்து நழுவினாலும் தெரியாது; ஆகவே மிதியில் பழைய டியூபை வளையமாகச் சுற்றினோம். பாதத்தை இறுகக் கட்டவில்லை. விழும்போது அது கழன்று வர வேண்டும்.

பள்ளி மைதானத்தில் மகன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். அவனுக்கு ஏழு வயதில் நான் ஓடிய அதே மைதானம். முதல் நாள் இரு முறை விழுந்தேன். மூன்றாம் நாள் அவன் கையை விட்டுவிட்டதை நான் அறியவே இல்லை.

எல்லாம் முன்போல் ஆகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அரைமணி நேரத்தில் கடந்த வழிக்கு இப்போது ஒருமணி நேரம் ஆகிறது. மேட்டில் இறங்கித் தள்ளுகிறேன். வெயிலில் கிண்ணத்துக்குள் வியர்க்கும். பருத்தி உறையை மாற்ற வேண்டும். இரவில் விளக்கடியில் அமர்ந்து, தோல் எங்கேனும் சிவந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை மனைவியுடையது. சிவந்திருந்தால் மறுநாள் கால் அணிவதில்லை, மிதிவண்டியும் இல்லை.

ஆயினும் கடந்த வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை. மாலையில் அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வலப்பக்கம் சாய்ந்து, வலது காலை ஊன்றி இறங்கினேன். காய்ச்சலாம். சிறிது நேரம் பேசிவிட்டு வந்தேன். என்னைக் கூட்டிச் செல்ல யாரும் காத்திருக்கவில்லை.

உங்கள் பங்கில் காலிழந்தவர் எவரேனும் இருந்தால், அவருக்கு ஜெய்ப்பூரைப் பற்றிச் சொல்லுங்கள். அவருடைய மிதிவண்டியை விற்றுவிட வேண்டாம் என்பதையும் அவர் வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.