அன்டனா வாங்க முன்னுக்கு இதைக் கொஞ்சம் வாசிங்க



பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் உம்மாமார் அண்மைக் காலமாக என்னிடம் கேட்பது இது: "சேர், டிஷ்ஷுக்கு மாசா மாசம் காசு கட்ட ஏலாது. கூரையில அன்டனா போட்டா நேத்ரா, வசந்தம் எடுக்குமா?" எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

இது வெறும் பொழுதுபோக்குக் கதை இல்லை. 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலைகளை மூடியபோது குருகெதர தமிழ்ப் பாடங்கள் நேத்ராவில் ஒளிபரப்பாகின. டேட்டா போட வசதி இல்லாத என் மாணவர்களில், வீட்டு டீவியில் படம் தெளிவாக விழுந்தவர்கள் பாடம் பார்த்தார்கள். புள்ளி புள்ளியாக விழுந்தவர்கள் இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள்.

முதலில் திசையைப் பாருங்க. எங்கட கரையில் சில பழைய அன்டனாக்கள் இன்னும் வடக்கே பார்த்தபடி நிற்கின்றன. வாப்பாமார் தூர்தர்ஷன் பார்த்த காலத்தில் வைத்தவை அவை. இராமேஸ்வரத்தின் 323 மீற்றர் கோபுரத்து அலை அப்போது கடலுக்கு மேலால் வந்தது. காற்று அடங்கிய வெக்கையான இரவுகளில் நன்றாக எடுத்தது, காலநிலை மாறினால் போய்விட்டது. பிதுருதலாகலை மலையோ புத்தளத்துக்குத் தென்கிழக்கே, ஏறக்குறைய 150 கிலோமீற்றரில். அங்கிருந்து வரும் சனலுக்கு அந்த அன்டனா முதுகைக் காட்டுது. புதுசு வாங்க முன் பழையதைத் திருப்பிப் பாருங்க.

அடுத்தது கம்பியின் நீளம். வீஎச்எஃப் சனல்களுக்கு முக்கால் மீற்றர் அளவுக் கம்பி வேணும். யூஎச்எஃப்புக்கு ஒரு சாண் அளவு போதும். அதனால் கம்பி கூடின அன்டனாதான் நல்லது என்று இல்லை. நீங்கள் தேடும் சனல் பக்கத்து வீட்டில் தெளிவாக எடுத்தால், அங்கே கம்பி நீளமா கட்டையா, எந்தப் பக்கம் பார்க்குது என்று கவனியுங்க. பெட்டியில் 'டிஜிட்டல்' என்று போட்டிருப்பதற்காகக் கூடக் காசு கொடுக்காதீங்க. கம்பிக்கு அலையின் நீளம்தான் கணக்கு. அனலொக்கா டிஜிட்டலா என்று அதற்குத் தெரியாது.

பூஸ்டர் வருகிற அலையைப் பெருப்பிக்கும், வராததைக் கொண்டுவராது. அதையும் டீவிக்குப் பின்னால் வைக்காமல் மேலே அன்டனாவோடு பூட்டுங்க. இல்லாவிட்டால் வயரில் பாதி இழந்த பிறகுதான் பெருப்பிக்கும்.

உப்புக் காற்று எங்களுக்குத் தெரிந்ததுதான். வயர் பூட்டும் இடத்தில் செம்பு பச்சை பிடித்தால் படம் போய்விடும். அந்த மூட்டை டேப்பால் நன்றாகச் சுற்றி மூடுங்க. வருசத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்க.

பாதுகாப்பு எல்லாவற்றையும் விட முக்கியம். இரும்புப் பைப் சரிந்து விழுந்தாலும் கரண்ட் வயரில் படாத தூரத்தில் நடுங்க. இடி தொடங்க முன்னுக்கே டீவியிலிருந்து அன்டனா வயரைக் கழற்றிவிடுங்க. இடிக்கிற நேரத்தில் தொடவே வேணாம்.

டிஷ்ஷுக்கு மாறிய சொந்தங்களிடம் ஒரு வேண்டுகோள். கூரையில் சும்மா நிற்கும் அன்டனாவைப் பழைய இரும்புக்குப் போட முன், பக்கத்தில் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்க. பூட்டிக் கொடுக்க ஆள் வேணுமென்றால், பின்னேரங்களில் நான் வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.