அடுக்களைப் படியில் ஒரு மகாராணி

பிரான்ஸுக்குப் போகிற எல்லோரும் செய்வதையே நாமும் செய்வானேன்? ஈஃபில் டவர் எங்கேயும் ஓடிவிடாது! பாரீஸிலிருந்து தென்மேற்கே சுமார் 500 கிலோமீட்டர் போனால் தோர்தோன் நதி. நதியைப் பார்த்தபடி மேட்டின்மேல் ஒரு பழைய மாளிகை. பெயர் மிலாந்த். 1489-ல் கட்டியது. டிக்கெட் வாங்கினால் உள்ளே விடுகிறார்கள்.

உள்ளே எல்லோரும் தேடிப் போய்ப் பார்ப்பது... வாழைப்பழப் பாவாடை! நிஜப் பழமில்லை, பயப்படாதீர்கள். இப்படி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு 1926-ல் பாரீஸின் ஃபோலி பெர்ஜேர் மேடையில் ஆடித்தான் ஜோஸஃபின் பேக்கர் உலகப் புகழ் பெற்றார்.

பிறந்தது அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரில், 1906-ல். பரம ஏழைக் கறுப்பினக் குடும்பம். சின்ன வயசிலேயே வெள்ளைக்காரர் வீடுகளில் எடுபிடி வேலை. 19 வயதில் கப்பலேறிப் பாரீஸ் வந்தார். ஊரே சொக்கிப்போனது. நாமெல்லாம் நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போவோம். அம்மணி கூட்டிப்போனது சிக்கிட்டா என்கிற சிறுத்தையை!

1937-ல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அடுத்து யுத்தம். ஆடல்காரி உளவாளியானார். பாட்டு நோட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத மையால் ரகசியங்கள் எழுதப்பட்டு எல்லை தாண்டின. நட்சத்திரத்தின் பெட்டியை யார் குடைந்து பார்ப்பார்கள்? அந்தச் சேவைக்கான பதக்கங்களை 1961-ல் இதே மிலாந்தில் வைத்துத்தான் அவருக்கு அணிவித்தார்கள்.

வாடகைக்கு இருந்த இந்த மாளிகையை 1947-ல் விலைக்கே வாங்கினார். பிறகு ஜப்பான், கொரியா, பின்லாந்து, கொலம்பியா, அல்ஜீரியா என்று பல தேசத்துக் குழந்தைகளைத் தத்தெடுத்தார். மொத்தம் பன்னிரண்டு! 'நிறமும் மதமும் வேறயா இருந்தா என்ன, ஒரே வீட்ல அண்ணன் தம்பியா வளர முடியாதா?' என்பதை உலகத்துக்கு நிரூபிக்கிற ஆசை. அதுகள் விளையாடுவதை வேடிக்கை பார்க்க டூரிஸ்ட்டுகள் வேறு. பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஹோட்டல், 'ஜே' எழுத்து வடிவில் நீச்சல் குளம், மெழுகு பொம்மைக் காட்சி என்று பணம் தண்ணீராக ஓடியது. கணக்குப் பார்க்கிற வழக்கம் அம்மணிக்குக் கிடையாது. கடன் கழுத்தை நெரித்தது. 1964-ல் நடிகை பிரிஜித் பார்தோ டெலிவிஷனில் தோன்றி உதவி கேட்டும் பயனில்லை. 1968-ல் மாளிகை ஏலத்துக்குப் போனது.

கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்து முடித்ததும் நேரே வெளியே வந்துவிடாதீர்கள். அடுக்களை வாசல் படியைப் பாருங்கள். 1969-ல் வீட்டை விட்டு வெளியேற்றியபோது, தலையில் குல்லாயும் மேலே போர்வையுமாக மழையில் இந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தார், ஒரு காலத்தில் பாரீஸையே ஆட்டிவைத்தவர். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு நின்றால் வாழைப்பழப் பாவாடை மறந்துபோகிறது.

மொனாக்கோ இளவரசி கிரேஸ் கைகொடுத்தார். 1975 ஏப்ரல் 8-ம் தேதி, பாரீஸ் பொபினோ அரங்கில் ஐம்பதாண்டுக் கலைவாழ்வைக் கொண்டாடும் நிகழ்ச்சி. கைதட்டல் கூரையைப் பிளந்தது. நாலே நாளில், ஏப்ரல் 12-ல், காலமானார். அப்போது வயது 68.

2021 நவம்பர் 30-ம் தேதி, பிரான்ஸின் மாமனிதர்கள் துயிலும் பாந்தியனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவர்தான். உடல் மொனாக்கோவிலேயே இருக்கிறது. பாந்தியனுக்குப் போன பெட்டியில் இருந்தது மண். செயின்ட் லூயிஸ் மண், பாரீஸ் மண், மொனாக்கோ மண்... அப்புறம் ஒரு பிடி, துரத்திவிட்டார்களே, அந்த மிலாந்த் மண்!