பேக்கனும் ஒரு நட்சத்திரக் குறியும்

சனிக்கிழமை காலைல எங்க வீட்ல ரெண்டு அடுப்பு எரியும். ஒண்ணுல தங்கமணி தோசை ஊத்துவாங்க. இன்னொண்ணுல நான் பையனுக்கு பேக்கன் பொரிப்பேன். தங்கமணி சுத்த சைவம். அதனால என் வாணலி தனி, இடுக்கி தனி. நியூ ஜெர்சி ஜனவரிக் குளிரா இருந்தாலும் ஜன்னல் திறந்தே இருக்கணும். (பேக்கன்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: பன்றியோட வயித்துப் பக்கத்துக் கறியை உப்பு, சர்க்கரை, சோடியம் நைட்ரைட் போட்டு ஊறவெச்சு, புகை காட்டி, மெலிசா சீவினது.)

ரெண்டு வருஷமா நான் வாங்கினது 'அன்க்யூர்டு' வகை. 'நைட்ரேட், நைட்ரைட் சேர்க்கப்படவில்லை'ன்னு முன்னாடி கொட்டை எழுத்துல போட்டிருக்கும். 2 டாலர் கூட. கொடுத்துட்டு, பெரிய அறிவாளி மாதிரி நடந்து வருவேன்.

போன வருஷம் எனக்கு 45 முடிஞ்சது. இந்த வயசுல பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துக்கோன்னு 2021-ல இருந்து இங்க சொல்றாங்க. போனேன். ஒரு பாலிப் இருந்தது. வெட்டி எடுத்து சோதனைக்கு அனுப்பினாங்க. முடிவு வர 6 நாள். அந்த 6 நாளைப் பத்தி எழுத இன்னும் மனசு வரலை. புற்றுநோய் இல்லைன்னு வந்துச்சு.

டாக்டர் சாப்பாட்டைப் பத்தி விசாரிச்சார். "பேக்கன் உண்டு, ஆனா நைட்ரைட் இல்லாதது"ன்னேன். சிரிச்சுட்டு, "பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க"ன்னார்.

திருப்பினேன். முன்பக்க வாசகத்துல ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருந்திருக்கு. அதுக்கான விளக்கம் எறும்பு சைஸ்ல: 'செலரிப் பொடியில் இயற்கையாக உள்ளவை தவிர'. செலரிக் கீரைல நைட்ரேட் நிறைய. அதை ஒரு பாக்டீரியாவை வெச்சு நைட்ரைட்டா மாத்தி கறியில சேர்க்கறாங்க. தொழிற்சாலைல செஞ்சாலும் கீரைல இருந்து வந்தாலும் நைட்ரைட் நைட்ரைட்தான். ரோஸ் நிறம் தர்றதும், பாட்டுலிசம் கிருமியைத் தடுக்கறதும், கருக வறுத்தா நைட்ரோசமைன் ஆகறதும் அதேதான். "செலரில இருந்து வந்தா பிரசாதமா?"ன்னு தங்கமணி ஒரே வரில முடிச்சுட்டாங்க.

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல பதப்படுத்தின இறைச்சியை சிகரெட் இருக்கற அதே முதல் பட்டியல்ல சேர்த்தது. ரெண்டும் ஒரே அளவு ஆபத்துன்னு அர்த்தம் இல்லை. ஆதாரம் அந்த அளவு உறுதின்னு அர்த்தம். தினமும் 50 கிராம் தின்னா பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும்னு கணக்கு. நாங்க தினமும் திங்கலை. ஆனா கூடுதல் காசு கொடுத்து ஏமாந்திருக்கேன் பாருங்க, அதுதான் எரிச்சல்.

அதுக்கப்புறம் கடைல கண்ணாடி போட்டு நின்னு படிக்க ஆரம்பிச்சேன். சர்க்கரை பல பேர்ல ஒளிஞ்சிருக்கும்: பிரவுன் சுகர், மேப்பிள், டெக்ஸ்ட்ரோஸ், தேன். ஒரு தடவைக்கான அளவுல அரை கிராமுக்குக் குறைவுன்னா 0-ன்னே போடலாம். ஆனா உண்மையைச் சொல்லணும்ல, பேக்கன் சர்க்கரை பெரிய விஷயமே இல்லை. ரெண்டு துண்டுல 1 கிராம் இருந்தா அதிகம். பையன் கூடவே குடிக்கிற ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ்ல 20 கிராம்! சர்க்கரை கம்மியா இருந்தா சீக்கிரம் கருகாது, அந்த வகைல லாபம். நிஜமா பாக்க வேண்டியது உப்பு. என் பாக்கெட்டில் ரெண்டு துண்டுக்கு சோடியம் 350 மில்லிகிராம்.

கடைசில ஒரு கறிக்கடைல கிடைச்சது: பன்றிக்கறி, தண்ணி, உப்பு. அவ்வளவுதான். செலரியும் கிடையாது. ஊர்ல அம்மா போடற உப்புக்கண்டம் ஞாபகம் வந்துச்சு. அதுலயும் உப்பு, மஞ்சள், வெயில் மட்டும்தானே. ஆசையா வாங்கி வந்து சின்னத் தீயில வெச்சேன். நிறம் சாம்பலா, வேகவெச்ச கறி மாதிரி வந்துச்சு. பையன் ஒரு கடி கடிச்சுட்டு, "அப்பா, இது பேக்கன் இல்லப்பா"ன்னான். பொய் சொல்லலை அவன். அந்த ருசில பாதி நைட்ரைட்டோடது.

இப்போ மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை மட்டும். ஒரு தடவை இந்தச் சாம்பல் நிறம், ஒரு தடவை அவன் கேக்கற ரோஸ் நிறம், கருக விடாம. போன வாரம் கடைல பாக்கெட்டை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "அப்பா, இதுலயும் ஸ்டார் இருக்கு"ன்னு கத்தினான். பக்கத்துல நின்ன அம்மா தன் கூடையில இருந்ததை எடுத்துத் திருப்பிப் பாத்தாங்க.

டிஸ்கி: மீதி சனிக்கிழமைகள்ல எனக்கும் தோசைதான். ஜன்னல் மூடியிருக்கு, கதகதன்னு இருக்கு :-)