ஒரு 5 மில்லி படமும் நான் போட்ட வெப்சைட்டும்

இன்னைக்கு சுகர், பிபி, கொழுப்பு எதுவும் இல்ல. வெப்சைட் பத்தி.

"டாக்டர், உங்க சைட்டை யார் செஞ்சு குடுத்தாங்க, எவ்வளவு ஆச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. கேட்டதுல பாதிப் பேர் டாக்டர்கள். நானேதான் போட்டேன். எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி ஏன்னு சொல்லணும். காரணம் பெருமைப்படுற மாதிரி இல்ல. தப்பு என்னோடது. நீண்ட இழை, டீ எடுத்து வெச்சுக்கோங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா வீட்டுல என்ன செய்யணும்னு இங்கேயே ஒரு இழை எழுதினேன். நாலாவது பதிவில் "10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு பாராசிட்டமால் 5 மில்லி" என்று இருந்தது. ஐந்தாவது பதிவில், "இது 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து உள்ள சிரப்புக்கு மட்டும், சொட்டு மருந்துக்குப் பொருந்தாது" என்று இருந்தது. எழுதும்போது எனக்கு அது ஒரே பேச்சு. படிக்கிறவங்களுக்கு ரெண்டு தனித்தனிப் பெட்டி.

யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் நாலாவது பெட்டியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டாரு. என் பேரு, என் படிப்பு, என் போட்டோ எல்லாம் மேலே பளிச்சுனு இருக்கு. அது அப்படியே வாட்ஸ்அப்ல ஊர் சுத்த ஆரம்பிச்சது.

போன வருஷம் மழைக்காலத்துல ஒரு ராத்திரி. நான் டியூட்டி. ஒன்றரை வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒரு அம்மாவும் அப்பத்தாவும் வந்தாங்க. பிள்ளை நல்லாத்தான் இருந்தான், என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சு இழுத்தான். அப்பத்தா கையில மருந்து பாட்டில். சொட்டு மருந்து, ஒரு மில்லியில் 100 மில்லிகிராம்.

கணக்கைப் பாருங்க. பிள்ளை சுமார் 10 கிலோ. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு வெச்சாலும் 150 மில்லிகிராம்தான். அந்தச் சொட்டு மருந்துல அது ஒன்றரை மில்லி. அவங்க, பழைய சிரப் பாட்டில் மூடியில அளந்து 5 மில்லி குடுத்திருக்காங்க. 500 மில்லிகிராம், பெரியவங்க மாத்திரை ஒண்ணு. ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொரு 5 மில்லி. மூணாவது வேளைக்கு மூடியை எடுக்கும்போதுதான் அப்பத்தா தடுத்திருக்காங்க. "15 மில்லி பாட்டில் ஒரு வாரம் வருமே, இன்னைக்கு ஒரு நாள்லயே முக்காவாசி காலியாயிருச்சே, என்னத்தடி குடுக்குற?"

அந்த அம்மா படிச்சவங்க. "இல்ல சார், டாக்டர் போட்டதைப் பார்த்துதான் குடுத்தேன்"னு போனை நீட்டினாங்க. நான் மாஸ்க் போட்டிருந்தேன். போன்ல இருந்தது நான்.

பாராசிட்டமால் சரியான அளவில் ரொம்பப் பாதுகாப்பான மருந்து. அளவு எகிறினா கல்லீரலைக் கெடுக்கும். அதுவும் முதல் நாள் வெளிய ஒண்ணும் தெரியாது. அதனால வார்டுல சேர்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, ரெண்டு நாள் வெச்சிருந்தோம். கல்லீரல் டெஸ்ட் எல்லாம் நார்மல், பிள்ளை வீட்டுக்குப் போயிட்டான். ஆனா அதே அளவுல இன்னும் ஒரு நாள் போயிருந்தா நான் இந்த இழையை இப்படி எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாஸ்க்கைக் கழட்டிட்டு அந்த அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அழிச்சிருங்க சார்"னு மட்டும் சொன்னாங்க.

அன்னைக்கே அழிச்சேன். அழிச்சு என்ன புண்ணியம்? என் பதிவு போயிருச்சு, படம் போகல. படத்துக்கு முகவரி கிடையாது. யார் போன்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது, திருத்தம் போட்டா அவங்களுக்குப் போய்ச் சேராது. என் பேர்ல ஒரு மருந்துச் சீட்டு ஊரெல்லாம் சுத்துது, அதுல ஒரு புள்ளியைக்கூட என்னால மாத்த முடியல.

அதுக்கப்புறம்தான் எனக்கு என்ன வேணும்னு புரிஞ்சுது. ஒரு விஷயத்துக்கு ஒரே பக்கம், மாறாத ஒரே முகவரி. நான் இன்னைக்குத் திருத்தினா, போன வருஷம் லிங்க் வாங்கினவங்களுக்கும் இன்னைக்கு உள்ளதுதான் தெரியணும்.

எங்க அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன்கிட்ட கேட்டேன். "மாமா, வேர்ட்பிரஸ் போடுங்க"ன்னான்.

வேர்ட்பிரஸ் 2003ல வந்தது. பி2ன்னு ஒரு பழைய மென்பொருள், அதை எழுதினவர் கவனிக்காம விட்டுட்டாரு. அதோட நிரல் திறந்த உரிமத்துல இருந்ததால மேட் முல்லன்வெக், மைக் லிட்டில்னு ரெண்டு பேர் அதை எடுத்துத் தொடர்ந்தாங்க. இன்னைக்கு உலகத்துல உள்ள வெப்சைட்டுகள்ல 100க்கு 40க்கு மேல ஓடுறது அதுலதான். ஓப்பன் சோர்ஸ்னா "ஓசி"ன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். காசு இல்லங்கறது சின்ன விஷயம். நீங்க இடம் வாங்கின கம்பெனி நாளைக்கு மூடினாலும், உங்க டேட்டாபேஸையும் படங்கள் இருக்கிற ஃபோல்டரையும் தூக்கிக்கிட்டு இன்னொரு கம்பெனியில போய் இறக்கலாம். அதே முகவரி, அதே பக்கம். எனக்கு வேண்டியது அதுதான்.

இங்க ஒரு குழப்பம் வரும், எனக்கும் வந்தது. வேர்ட்பிரஸ் டாட் காம் வேற, டாட் ஆர்க் வேற. டாட் காம்ல அவங்க இடத்துலயே அக்கவுன்ட் திறந்து எழுதலாம், இலவசத் திட்டமும் உண்டு. டாட் ஆர்க்ல மென்பொருள் மட்டும் கிடைக்கும், இடமும் முகவரியும் நீங்க வாங்கணும். நான் எடுத்தது ரெண்டாவது. முகவரிக்கும் இடத்துக்கும் வருஷா வருஷம் காசு கட்டணும். முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்கிடாதீங்க, புதுப்பிக்கிற விலை என்னன்னு கேட்டுட்டு வாங்குங்க. பேஸ்ட் வாங்கினா பிரஷ் இலவசம் கதைதான்.

நிறுவுறது பெரிய வித்தை இல்ல. இடம் குடுக்கிற கம்பெனியோட பக்கத்துல வேர்ட்பிரஸ்னு ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினா அதுவே பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் ஏற்பாடு பண்ணிக்கும். அப்ப ஒரு யூசர்நேம் கேட்கும். தயவுசெய்து "அட்மின்"னு குடுக்காதீங்க. சைட் திறந்த ஒரே வாரத்துல "அட்மின்"ங்கிற பேர்ல யார் யாரோ உள்ளே நுழையப் பார்த்ததா எனக்கு மெயில் மேல மெயில். காய்ச்சல் மருந்து சொல்ற சைட்டுக்கு என்னடா திருட்டுன்னு நினைச்சேன். அது மனுசங்க இல்லையாம், கதவு கதவா ஆட்டிப் பார்த்துட்டுப் போற மென்பொருளாம். நீளமான பாஸ்வேர்ட், கூடவே போனுக்கு வர்ற இரண்டாவது சரிபார்ப்பு. அவ்வளவுதான்.

இப்ப தமிழ்ல எழுதுறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். எந்த வீடியோவிலும் இதை எனக்கு யாரும் சொல்லல.

தமிழ்ல தலைப்பு வெச்சா, வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பையே முகவரியாக்கும். பார்க்க அழகா இருக்கும். ஆனா உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தா விரியும். "க" 9, துணைக்கால் சேர்ந்த "கா" 18. முகவரிக்கு ஒதுக்கியிருக்கிற இடமே 200தான். நான் "குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால்"னு தலைப்பு வெச்சேன். முகவரி "குழந்தைகளுக்குக் காய்ச்"சோட நின்னுடுச்சு. அதை வாட்ஸ்அப்ல ஒட்டினா சதவீதக் குறியும் எண்ணுமா அரைப் பக்கம். அதைப் பார்த்து எங்க நர்ஸ் அக்கா, "சார், உங்க போன்ல வைரஸா?"ன்னாங்க. அந்த மாதிரி லிங்க்கை எந்த அம்மா தொடுவாங்க? அதனால தலைப்பு தமிழ்லயே இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்துல ஒத்தை வார்த்தையா கையால மாத்திடுங்க. நாலு பேருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, முதல் நாளே மாத்துங்க.

இன்னொரு கூத்து. சைட் தயாராகுற வரைக்கும் கூகுள் பார்க்க வேணாம்னு அமைப்புகள்ல ஒரு கட்டத்துல டிக் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். ரெண்டு மாசமா, நம்ம எழுத்தை யாருமே தேடலையேன்னு சோகமா இருந்தேன்.

தொடர்புக்குன்னு ஒரு படிவமும் வெச்சேன். ஒருத்தர் அப்பாவோட சுகர் மாத்திரை பத்திக் கேட்டிருக்காரு. அது என் மெயில்ல ஸ்பேம்ல போய் விழுந்திருக்கு, 11 நாள் கழிச்சுத்தான் பார்த்தேன். நல்லவேளை அவசரம் இல்ல. அன்னைக்கே படிவத்தை எடுத்துட்டேன். மெயில் ஒழுங்கா வர்றதுக்குத் தொழில்நுட்பத்துல வழி இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வலிப்பு வந்த பிள்ளையோட அம்மா அந்தப் படிவத்தை நிரப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தா? இப்ப அந்த இடத்துல "அவசரம்னா 108"னு பெரிய எழுத்துல இருக்கு. டாக்டர் நண்பர்களே, இதை மட்டுமாவது யோசிங்க.

ஒரு நாள் ஓபி நடுவுல சைட் மொத்தமா நின்னுபோச்சு. காலையில ஏதோ ஒரு பிளக்இன்னை அப்டேட் பண்ணியிருந்தேன். உள்ளேயே போக முடியல. அக்கா பையனுக்குப் போன் போட்டேன், அவன் கிளாஸ்ல இருந்து கிசுகிசுன்னு, "மாமா, கம்பெனி பக்கத்துல ஃபைல் மேனேஜர் திறந்து அந்த பிளக்இன் ஃபோல்டரோட பேரை மாத்துங்க"ன்னான். மாத்தினேன், எழுந்து உட்கார்ந்துருச்சு. அதுல இருந்து வாரம் ஒரு பேக்கப், அதுவும் அந்தக் கம்பெனிக்கு வெளியே. பிளக்இன் மொத்தம் அஞ்சுக்கு மேல வெச்சுக்கிறதில்ல. வயசானவங்க மாத்திரை டப்பாவைப் பார்த்தா எனக்கு வர்ற எரிச்சல்தான், எதுக்குன்னே தெரியாம பதினாலு.

சரி, காய்ச்சல் பக்கத்துக்கு வர்றேன்.

முதல்ல எழுதினது அழகா, பத்தி பத்தியா இருந்தது. படிச்சுப் பார்த்தா மறுபடி அதே தப்பு. அளவு ஒரு பத்தியில, எந்த மருந்துக்குங்கிறது அடுத்த பத்தியில. வெப்சைட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பாங்கல்ல? அதனால பத்தியை எல்லாம் தூக்கிட்டு ஒரு அட்டவணை போட்டேன். ஒவ்வொரு வரியும் தனியா வெட்டினாலும் அர்த்தம் மாறாத மாதிரி. "10 கிலோ, 5 மில்லியில் 125 உள்ள சிரப், 6 மில்லி வரை." "10 கிலோ, 5 மில்லியில் 250 உள்ள சிரப், 3 மில்லி வரை." "10 கிலோ, ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு, ஒன்றரை மில்லி வரை." வரிக்கு வரி எடை, மருந்து, அளவு மூணும் சேர்ந்தே இருக்கும். மேலே, இது ஒரு வேளைக்கான அளவு, நாளைக்கு நாலு வேளைக்கு மேல கூடாது, மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல்னா மருந்து தேடாம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு போட்டிருக்கேன்.

வேர்ட்பிரஸ்ல பழைய வடிவம் எல்லாம் சேமிப்புல இருக்கும். அந்தப் பக்கத்துக்கு இதுவரை 23 வடிவம். எடுத்துப் பார்த்தா எனக்கே கூச்சமா இருக்கு. முதல்ல போட்ட தேதியை மட்டும் காட்டாம, கடைசியாத் திருத்திய தேதியையும் பக்கத்தோட உச்சியில காட்ட வெச்சிருக்கேன். அட்டவணைப் படத்துக்குள்ளேயும் சைட் முகவரியும் தேதியும் உண்டு.

அந்த அம்மாவை நாலு மாசம் முன்னாடி தடுப்பூசி போடுற இடத்துல பார்த்தேன். லிங்க்கைக் குடுத்தேன். வாங்கிட்டு, உடனே திறந்து, அட்டவணையை விரலால நகர்த்தி நகர்த்திப் பார்த்தாங்க. "சார், என் போன்ல கடைசிக் கட்டம் வெளிய போயிருது. எத்தனை மில்லிங்கிறது தெரியல"ன்னாங்க. வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அவங்க போன் சின்னது, நான் என் பெரிய போன்லயே பார்த்து ஓகே பண்ணியிருக்கேன். அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து, அட்டவணையைப் பிரிச்சு ஒவ்வொரு வரியையும் தனிப் பெட்டியாக்கினேன். அதுதான் 23வது வடிவம்.

பழைய படம் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. போன வாரம் என் சித்தப்பா எங்க குடும்ப குரூப்புலயே போட்டாரு, "நம்ம தம்பி சொன்னது, எல்லாரும் சேமிச்சு வெச்சுக்கோங்க"ன்னு. நான் கீழே லிங்க்கைப் போட்டு, "சித்தப்பா, அது தப்பு, இதைப் பாருங்க"ன்னு எழுதினேன். கட்டைவிரல் காட்டினாரு. படத்தை இன்னும் அழிக்கல. சாயங்காலம் போன் பண்ணணும்.